யேல் வகுப்பறையும் ஆவடி தொகுதியும்: இயன் ஷப்பிரோவின் விரிவுரைகளைக் கேட்டு முடித்தபின்

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி சாயங்காலம் நடக்கும்போது காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நடப்பது வழக்கம். பாட்டு கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. அப்படி மாட்டியதுதான் யேல் பல்கலைக்கழகத்தில் இயன் ஷப்பிரோ நடத்திய 'இன்றைய உலகில் அதிகாரமும் அரசியலும்' என்ற விரிவுரை வரிசை. 2019 செமஸ்டரில், மாணவர்களோடு ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்ற டிவேன் விரிவுரைத் திட்டத்தின் கீழ் நடந்தது. மொத்தம் 26. யூட்யூபில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே. எனக்கு ரெண்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல விரிவுரைகள். நான் படித்தது பி.ஈ. அரசியல் அறிவியலை வகுப்பறையில் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. எங்கள் காலேஜில் லெக்சரர் போர்டைப் பார்த்தபடியே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். ஷப்பிரோ அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், ஆங்கிலத்தில் அந்த வாடை இருக்கிறது, நிதானமாகப் பேசுகிறார். ஒரு கேள்வியை எடுத்தால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதிலை நியாயமாக எடுத்து வைத்துவிட்டு, அது ஏன் போதாது என்று போகிறார். சோவியத் யூனியன் உடைந்த கதையில் ஆரம்பித்து சீனா, வியட்நாம், பிரிட்டிஷ் லேபர் கட்சி, ஈராக் போர், 2008 நெருக்கடி, பிரெக்ஸிட், டிரம்ப் என்று வருகிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஏழாவது விரிவுரை, வரி எதிர்ப்பு இயக்கம் பற்றியது. அமெரிக்காவில் பெரும் பணக்காரர்கள் செத்தால் அவர்கள் சொத்துக்கு ஒரு வரி. நூற்றில் ரெண்டு பேர் குடும்பத்தைத்தான் அது தொடும். ஆனாலும் அதை ஒழிக்கும் சட்டம் 2001-ல் நிறைவேறியபோது ஏழை, நடுத்தர மக்களிலேயே பாதிக்கு மேல் ஆதரவு. தனக்கு ஒரு பைசா லாபமில்லாத விஷயத்துக்கு ஒருவன் ஏன் கை தூக்குகிறான்? இதற்காக மட்டுமே அந்த விரிவுரையைக் கேட்கலாம். (நம்ம ஊரிலும் இதே வரி இருந்தது. வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது 1985-ல் எடுத்துவிட்டார். இங்கே யாரும் இயக்கம் நடத்தவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.)

ஆனால் இந்தப் பதிவு 22-வது விரிவுரையையும் கடைசி விரிவுரையையும் பற்றியது. கட்சிகளும் தேர்தலும் பற்றி ஷப்பிரோ தன் கருத்தை வைப்பது அங்கேதான். அவரும் பிரான்சிஸ் ரோசன்ப்ளூத்தும் சேர்ந்து 2018-ல் 'பொறுப்புள்ள கட்சிகள்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். விரிவுரையின் முதுகெலும்பு அதுதான்.

வாதம் இது. ஜனங்களுக்குக் கட்சிகள் மேல் நம்பிக்கை போய்விட்டது. உடனே எல்லோரும் சொல்லும் மருந்து, அதிகாரத்தை மக்களிடமே கொடு: வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், தலைவரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும், முக்கியமான முடிவுக்குப் பொது வாக்கெடுப்பு நடத்தலாம். ஷப்பிரோ சொல்கிறார், இந்த மருந்துதான் நோயே. அமெரிக்க பிரைமரி தேர்தலில் ஓட்டுப்போட வருவது கொஞ்சம் பேர், அவர்களும் தீவிரமான ஆட்கள். அதனால் வேட்பாளர்களும் தீவிரமாகிறார்கள். பிரிட்டனில் லேபர் உறுப்பினர்கள் 2015-ல் கார்பினைத் தலைவராக்கினார்கள். அடுத்த வருஷமே அவருடைய சொந்த எம்பிக்கள் 172-க்கு 40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள். உறுப்பினர்கள் திரும்பவும் அவரையே உட்கார வைத்தார்கள். கூட இருப்பவர்களே நம்பாத ஒருவர் எப்படி ஆட்சிக்கு வருவார் என்பது கேள்வி.

அப்போ எது சரி? ரெண்டு பெரிய, கட்டுக்கோப்பான கட்சிகள். தொகுதிக்கு ஒருவர். தொகுதி பெரிதாகவும் பலதரப்பட்ட ஜனங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். தலைவரை எம்பிக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த தேர்தலில் சீட்டு போனால் போவது அவர்களுக்குத்தான். பெரிய கட்சி எதைத் தருவதாகச் சொன்னாலும், தான் தருவதாகச் சொன்ன மற்ற எல்லாவற்றோடும் கூட்டிக் கழித்துப் பார்த்தாக வேண்டும். சின்னக் கட்சிக்கு அந்தக் கவலை இல்லை, தன் ஆட்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்டால் போதும், பில் மற்றவன் தலையில்.

கேட்டவுடன் எனக்குத் தோன்றியது, இவர் தமிழ்நாட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாரோ என்று. தொகுதிக்கு ஒருவர், டிக். ரெண்டு பெரிய கட்சி, டிக். 2016 சட்டமன்றத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓட்டெண்ணிய 232 தொகுதிகளில் அதிமுக 134, திமுக கூட்டணி 98. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. மக்கள் நலக் கூட்டணி, பாமக, பாஜக, நாம் தமிழர் எல்லோருக்கும் பூஜ்யம். கட்டுக்கோப்பு? வேட்பாளர் பட்டியலைத் தலைமைதான் போடும், பிரைமரி என்ற பேச்சே கிடையாது. தொகுதியும் அவர் கேட்ட மாதிரிதான். எங்கள் ஆவடியில் டாங்க் பேக்டரி குவார்ட்டர்ஸ், சிஆர்பிஎஃப், விமானப்படை, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், ஐடி ஆட்கள், பழைய கிராமத்துக் குடும்பங்கள் எல்லோரும் கலந்துதான் இருக்கிறோம். 2021-ல் நாலு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள்.

ஆக, ஷப்பிரோ கேட்ட ஸ்பெக் எல்லாம் இங்கே இருக்கிறது. அவுட்புட் என்ன வந்தது என்று பார்க்கலாம்.

2016-ல் ஆவடியில் அதிமுகவின் க.பாண்டியராஜன் ஜெயித்தார். திமுகவின் சா.மு.நாசரை விட 1,395 ஓட்டு அதிகம். நாலு தெரு மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். பாண்டியராஜன் அதற்கு முன் 2011-ல் விருதுநகரில் தேமுதிக எம்எல்ஏ. நடுவிலேயே அந்தக் கட்சியின் அதிருப்தி எம்எல்ஏவாகி, 2016 தேர்தல் நெருங்கும்போது ராஜினாமா செய்து, இந்தப் பக்கம் வந்தவர். அதே வருஷம் டிசம்பர் 5-ல் ஜெயலலிதா காலமானார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஷப்பிரோவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். 2017 பிப்ரவரி 5: எம்எல்ஏக்கள் கூடி சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 7-ம் தேதி ராத்திரி ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் உட்காருகிறார். 14-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் எம்எல்ஏக்கள் கூவத்தூர் ரிசார்ட்டில் எடப்பாடி பழனிசாமியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 18-ம் தேதி சட்டமன்றத்தில் 122-க்கு 11. உறுப்பினர்கள் ஓட்டு இல்லை, பொது வாக்கெடுப்பு இல்லை. கட்சியின் எம்எல்ஏக்கள்தான் ரெண்டு தடவையும் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். யேல் வகுப்பறையில் போர்டில் எழுதிய விதி எழுத்துக்கு எழுத்து பின்பற்றப்பட்டது. அதைப் பார்த்த யாராவது, கட்சி தனக்குப் பொறுப்பான தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது என்று நினைத்தீர்களா? நான் நினைக்கவில்லை. கேட்டைப் பூட்டிய ரிசார்ட்டில் நடக்கும் தேர்வை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது.

எங்கே இடிக்கிறது என்று எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. ஷப்பிரோவின் மாடலில் அதிகாரம் ரெண்டு பக்கமும் ஓடுகிறது. எம்பிக்கள் தலைவருக்கு அதிகாரம் கொடுக்கிறார்கள், அதனால் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள். தோற்கடித்துவிடுவார் என்று தெரிந்தால் அதே எம்பிக்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். மார்கரெட் தாட்சர் 1990-ல் போனது அப்படித்தான். நம் வீட்டு மோட்டாரில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்குமே, ஏறின தண்ணீர் இறங்காது. 1985-ல் 52-வது அரசியல் சட்டத் திருத்தம், அதாவது பத்தாவது அட்டவணை, கட்சித்தாவல் தடைச் சட்டம், நம் கட்சிகளுக்குள் அந்த வால்வை வைத்துவிட்டது. ஏற்றுவது நடக்கும். இறக்குவதற்குப் போனால் பதவி போகும்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. ஹரியானாவில் கயா லால் 1967-ல் ரெண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார், 'ஆயா ராம் கயா ராம்' என்ற பெயரே அதில் வந்தது. ஏதாவது செய்துதான் ஆகவேண்டும் என்ற நிலை. 2003-ல் 91-வது திருத்தம் வந்து, மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற ஓட்டையையும் அடைத்தது. யார் தாவினார், யார் தாவவில்லை என்று முடிவு செய்கிறவர் சபாநாயகர். அவரே ஒரு கட்சிக்காரர்.

இப்போது நம்ம ஏரியாவுக்கே வருகிறேன். பாண்டியராஜன் பிப்ரவரி 2017-ல், வாக்காளர்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுப்பேன் என்று சொல்லிவிட்டு பன்னீர்செல்வம் அணிக்குப் போனார். அப்போது எம்எல்ஏக்களின் போன் நம்பர்கள் வாட்ஸப்பில் சுற்றின, ஊரே போன் போட்டது. 18-ம் தேதி அரசுக்கு எதிராக ஓட்டுப்போட்ட 11 பேரில் அவரும் ஒருவர். ஆகஸ்ட் 21-ல் அணிகள் இணைந்தன, அவர் மறுபடி அமைச்சரானார். மறுநாள், ஆகஸ்ட் 22, தினகரன் பக்கம் இருந்த எம்எல்ஏக்கள் ஆளுநரைப் பார்த்து முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அதில் 18 பேரை சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18-ல் தகுதி நீக்கம் செய்தார். அந்தப் பதினெட்டில் ஒருவர் பக்கத்துத் தொகுதி பூந்தமல்லியின் டி.ஏ.ஏழுமலை.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சபையில் அரசுக்கு எதிராக ஓட்டுப்போட்டவர் ஆவடி எம்எல்ஏ, பதவி போகவில்லை. சபையில் அரசுக்கு ஆதரவாக ஓட்டுப்போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துக் கடிதம் கொடுத்தவர் பூந்தமல்லி எம்எல்ஏ, பதவி போனது. சட்ட நுணுக்கம் இல்லாமல் இல்லை. பதினொரு பேர் விஷயத்தில் கேள்வி, கொறடா உத்தரவை மீறினார்களா என்பது. பதினெட்டு பேர் விஷயத்தில் கேள்வி, தாமாகக் கட்சியை விட்டுவிட்டார்களா என்பது. நடுவில் அணிகளும் ஒன்றாகிவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரெண்டு நீதிபதிகள் ரெண்டு விதமாகத் தீர்ப்பு சொல்லி, மூன்றாவது நீதிபதி சத்யநாராயணன் 2018 அக்டோபர் 25-ல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். பதினொரு பேர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில், சபாநாயகர் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது. நான் வக்கீல் இல்லை, தீர்ப்பு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரே கட்சி, ஒரே சபை, ஒரே சபாநாயகர், பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ரெண்டு தொகுதி. கட்டுக்கோப்பு என்பது ஒரு தொகுதியில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் வேலை செய்தது. வித்தியாசம், தாவினவர் கடைசியில் தலைமையோடு சேர்ந்தாரா இல்லையா என்பதுதான்.

பூந்தமல்லி ட்ரங்க் ரோடு பக்கம் என் சித்தி வீடு. 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, இருபது மாசம், அந்தத் தொகுதிக்கு எம்எல்ஏ கிடையாது. சித்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, "இருந்தப்ப மட்டும் என்னப்பா வந்து எட்டிப் பாத்தாங்க" என்றார். எனக்கு அப்படி விட முடியவில்லை. ரெண்டு கட்சித் தலைமைகளின் சண்டையில் ஒரு தனித்தொகுதிக்கே ஆள் இல்லாமல் போனது.

இதோடு ஒப்பிட ஷப்பிரோவின் செமஸ்டரிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த 2019 செப்டம்பரில், போரிஸ் ஜான்சன் தன் கட்சி எம்பிக்கள் 21 பேரை பிரெக்ஸிட் ஓட்டெடுப்பில் எதிர்த்ததற்காகக் கட்சிக் குழுவிலிருந்து தூக்கினார். சர்ச்சிலின் பேரன் அதில் ஒருவர். ஆனால் தூக்கப்பட்ட 21 பேரும் அடுத்த நாளும் எம்பிக்கள்தான். சபையில் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், ஓட்டுப்போட்டார்கள். டிசம்பர் தேர்தலில் ஜனங்கள் கணக்கைத் தீர்த்தார்கள். கட்டுக்கோப்பு என்று ஷப்பிரோ சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இதுதான். இதற்கும் நமக்கும் உள்ள தூரம் அவர் மாடலில் ஒரு மாறியாகவே இல்லை. 26 தலைப்புகளில் தென்னாப்பிரிக்காவுக்கு இடம் இருக்கிறது, இஸ்ரேல்-பாலஸ்தீனத்துக்கு இருக்கிறது, ஆப்பிரிக்காவில் சீனா என்றே ஒன்று இருக்கிறது. இந்தியா ஒரு தலைப்பிலும் இல்லை. தொகுதிக்கு ஒருவர் முறையில் உலகிலேயே அதிகம் பேர் ஓட்டுப்போடும் நாடு இது. அந்த முறையைச் சிபாரிசு செய்கிறவர் இங்கே ஒரு முறை எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் பக்கம் நின்று ஒருவர் பதில் சொல்லலாம்: சட்டம் போட்டுக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது என்றாலே உங்கள் கட்சிகள் வலுவான கட்சிகள் இல்லை, வலுவான தலைவர்கள் உள்ள பலவீனமான கட்சிகள். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெருவுக்குத் தெரு கிளைச் செயலாளர் வைத்திருக்கும் கட்சியைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கூட்டணி விஷயத்திலும் அவர் பட்டியல் போதவில்லை. ஒரு பக்கம் ரெண்டு கட்சி முறை, மறுபக்கம் தேர்தல் முடிந்த பிறகு பேரம் பேசும் பல கட்சி முறை என்று பிரிக்கிறார். ரெண்டாவதை நாம் பார்த்திருக்கிறோம். 1952-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு 375-ல் 152 தான். தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை வழியாக முதல்வரானார். 6 இடம் பிடித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 19 இடம் பிடித்த உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சி 1954-ல் காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார். ஷப்பிரோ பயப்படும் பேரம் அச்சு அசல் இதுதான். (1955 ஜனவரியில் எங்கள் ஆவடியிலேயே கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டதும் இதே காங்கிரஸ்தான். கொள்கையும் பேரமும் ஒரே வீட்டில் குடியிருந்தன.)

ஆனால் அதற்குப் பிறகு தமிழ்நாடு வேறு ஒன்றைக் கண்டுபிடித்தது. பேரத்தைத் தேர்தலுக்கு முன்னாடியே பேசி முடித்துவிடுவது. யாருக்கு எத்தனை சீட்டு என்று பேப்பரில் வந்துவிடும். 2021-ல் மதிமுக ஆறு தொகுதியிலும் உதயசூரியனிலேயே நின்றது. சின்னக் கட்சி என்ன வாங்கியது என்பது ஓட்டுப்போடுவதற்கு முன் வாக்காளருக்குத் தெரியும், பிடிக்கவில்லை என்றால் மாற்றிப் போடலாம். இது ரெண்டு கட்சி முறையும் இல்லை, பல கட்சி முறையும் இல்லை. இதை யாராவது ஒழுங்காக ஆராய்ச்சி செய்து யேலுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

பணம் பற்றிய பத்தாவது விரிவுரையும் இதே மாதிரிதான். அமெரிக்கக் கதையில் பணம் கம்பெனியிலிருந்து வேட்பாளருக்குப் போகிறது. அந்தப் பாதி நமக்கும் பொருந்தும், தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது வரைக்கும். இன்னொரு பாதி, பணம் வேட்பாளரிடமிருந்து வாக்காளருக்குப் போவது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களைப் பணப் பட்டுவாடா காரணமாகவே நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். ரெண்டு பெரிய கட்சிகளின் கடும் போட்டி ஜனங்களுக்கு நல்லது என்கிறார் ஷப்பிரோ. 1,395 ஓட்டில் முடிவாகும் தொகுதிகள் இருக்கும் ஊரில் கடும் போட்டியே ஓட்டின் விலையை ஏற்றிவிடாதா? இந்தக் கேள்வியை அவரிடம் நேரில் கேட்க முடிந்தால் கேட்பேன்.

அவருக்குச் சாதகமான ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2021-ல் ஆவடியில் மறுபடி அதே ரெண்டு பேர் நின்றார்கள். இந்த முறை நாசர் 55,275 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்து வருஷம் நடந்ததற்கு ஆவடிக்காரர்கள் கணக்குத் தீர்த்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் திமுக கூட்டணிக்கே போனது. ஆளைப் பார்த்து அல்ல, கட்சியைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஓட்டுப்போட்டார்கள். ஷப்பிரோ விரும்புவது அதைத்தான். பாண்டியராஜன் பிப்ரவரி 2017-ல் வாக்காளரைக் கேட்டாரா இல்லையா என்பது 2021-ல் யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை என்றே நினைக்கிறேன். எனக்கு மட்டும் அது இன்னும் உறுத்துகிறது.

கேட்க நினைப்பவர்களுக்கு: 26-ஐயும் வரிசையாகக் கேட்கத் தேவையில்லை. 5, 6, 7 மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள், அப்புறம் 10, 21, 22, 26. தென்னாப்பிரிக்கா பற்றிய 11, 12 ரெண்டும் சொந்த ஊர்க்காரர் சொல்வதால் தனி ருசி. 22-ஐக் கேட்பதற்கு முன் பத்தாவது அட்டவணையை ஒரு முறை படித்துவிடுங்கள், நாலைந்து பக்கம்தான். ஏரியைச் சுற்றி ரெண்டு ரவுண்டு வந்தால் விரிவுரை முடிந்துவிடும், நான் கொஞ்சம் மெதுவாக நடப்பவன்.